ஃபைனான்ஸில் வாங்கிய கார் அடிபட்டிருக்கும்போது ஒப்பந்தத்தை இடையிலேயே முடிக்க முடியுமா? (பிரிட்டன்)

கேள்வி: மில்டன் கீன்ஸ் வாசி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஹையர் பர்ச்சேஸ் முறையில் (தவணைகள் எல்லாம் முடிந்தபின்தான் உரிமை நமக்கு மாறும் முறை) வாங்கிய காரைத் தவணைகள் முடிவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்து, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது பற்றித் தெளிவு வேண்டி எழுதுகிறேன். இன்னும் மூன்று மாதங்களில் குடும்பத்தோடு திருச்சிக்கே திரும்பிவிட முடிவு செய்திருக்கிறோம். அலுவலகம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வண்டி இப்போதே பெரும்பாலும் வாசலில்தான் நிற்கிறது.

ஒப்பந்தக் கணக்கு இதுதான். முன்பணம் 1,990 பவுண்டு, மாதம் 330 பவுண்டு வீதம் 60 தவணைகள், கடைசியில் வண்டியின் உரிமையை எனக்கு மாற்றித் தருவதற்கான கட்டணம் 10 பவுண்டு. ஆக மொத்தம் 21,800 பவுண்டு. இதுவரை 25 தவணைகளைப் பாக்கியில்லாமல் கட்டியிருக்கிறேன். முன்பணத்தையும் சேர்த்தால் 10,240 பவுண்டு கட்டியாகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், வீட்டு முன் தெருவில் ஒழுங்காக நிறுத்தியிருந்த வண்டியை ஓர் இரவில் யாரோ உரசி இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஓட்டுநர் பக்கத்து முன் ஃபெண்டர் உள்வாங்கியிருக்கிறது. அதை ஒட்டிய கதவில் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு ஒடுக்கு விழுந்து பெயிண்ட்டும் பெயர்ந்திருக்கிறது. இடித்தவர் யார் என்று தெரியவில்லை. இவை தவிர, அலாய் வீல்களில் நடைபாதை ஓரத்தில் உரசிய சின்னச் சின்னக் கீறல்கள் உண்டு.

ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, அடிபட்ட வண்டியை வாலண்டரி டெர்மினேஷன் (வாடிக்கையாளரே ஒப்பந்தத்தை இடையில் முடித்து வண்டியைத் திருப்பிக் கொடுப்பது) முறையில் எடுத்துக்கொள்ள முடியாது என்றும், மீதிக் கணக்கு முழுவதையும் கட்டி முடிப்பதுதான் ஒரே வழி என்றும் சொன்னார்கள். அப்படி முடிக்க அவர்கள் சொல்லும் தொகை 9,940 பவுண்டு. பழைய கார் வாங்கும் ஓர் இணைய நிறுவனம் வண்டியை இப்போதிருக்கும் நிலையில் 7,600 பவுண்டுக்குக் கேட்கிறது. பழுது பார்க்க, வண்டி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப் 1,450 பவுண்டும், வெளியே ஒரு பாடி ஷாப் 780 பவுண்டும் மதிப்பிட்டிருக்கின்றன. என்னிடம் காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ் இருக்கிறது; எக்ஸஸ் (கிளெய்மில் நானே ஏற்கவேண்டிய பகுதி) 450 பவுண்டு.

நிறுவனம் சொல்வது சரிதானா? பழுது பார்த்துக் கொடுப்பதா, இருக்கிற நிலையிலேயே கொடுப்பதா? இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்வது நல்லதா? அனுபவமும் சட்டமும் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஈஸ்ட் ஹாம் கடன் ஆலோசனைத் தொண்டர்

வணக்கம் தம்பி. உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது தவறு. இதே பதிலைக் கேட்டுவிட்டு, வேறு வழியில்லை என்று நம்பி, ஊரில் நகையை அடகு வைத்து முழுத் தொகையையும் கட்ட முனைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 99ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஹையர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தையும், நிபந்தனை விற்பனை ஒப்பந்தத்தையும், கடைசித் தவணை கட்டவேண்டிய நாளுக்கு முன் எப்போது வேண்டுமானாலும், பணம் பெறும் உரிமையுள்ளவருக்கு அறிவிப்புக் கொடுத்து வாடிக்கையாளர் முடித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். பெரும்பாலான பி.சி.பி. ஒப்பந்தங்களும் (மாதத் தவணை குறைவாகவும், வண்டியை வைத்துக்கொள்ளக் கடைசியில் ஒரு பெருந்தொகையும் கட்டும் வகை) சட்டத்தின் பார்வையில் ஹையர் பர்ச்சேஸ்தான் என்பதால் அவற்றுக்கும் இது பொருந்தும். லீசிங் என்னும் நீண்டகால வாடகைக்கும், வங்கியில் பெர்சனல் லோன் எடுத்து வாங்கிய வண்டிக்கும் பொருந்தாது. அந்தப் பிரிவில் எங்கும், வண்டி அடிபடாமல் இருந்தால்தான் இந்த உரிமை உண்டு என்று எழுதியிருக்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தாளை எடுத்துப் பாருங்கள்; ஒப்பந்தத்தை முடிக்கும் உங்கள் உரிமை பற்றிக் கட்டாயமாக அச்சிடப்பட்ட பத்தி ஒன்று இருக்கும், அதில் பாதித் தொகை எவ்வளவு என்பதும் எண்ணிலேயே கொடுக்கப்பட்டிருக்கும்.

சேதத்துக்கும் உங்கள் பணப்பைக்கும் உள்ள தொடர்பு அடுத்த பிரிவில்தான் வருகிறது. 100ஆவது பிரிவின்படி, மொத்த விலையில் பாதிக்கு எவ்வளவு குறைகிறதோ அதை நீங்கள் கட்டவேண்டும். ஏற்கெனவே பாதிக்கு மேல் கட்டியிருந்தால் கட்டவேண்டியது ஒன்றுமில்லை, திரும்பக் கிடைப்பதும் ஒன்றுமில்லை. அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு, வண்டியை நியாயமான கவனத்தோடு பேணும் கடமையை வாடிக்கையாளர் மீறியிருந்தால், அந்த மீறலால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யும் தொகையைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்கிறது. ஆகவே ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை ஒன்று, சேதத்துக்கான பொறுப்பு மற்றொன்று. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, சேதம் இருப்பதால் உரிமையே இல்லை என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 21,800இல் பாதி 10,900. நீங்கள் கட்டியது 10,240. குறைவது 660 பவுண்டு, அதாவது சரியாக இரண்டு தவணை. இன்னும் இரண்டு மாதம் காத்திருந்து பாதியைத் தொட்டுவிட்டு முடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று முடித்து 660 பவுண்டு கட்டினாலும், இரண்டு தவணை கட்டிவிட்டு முடித்தாலும் நிறுவனத்துக்குப் போகும் பணம் ஒன்றுதான். வண்டி தேவைப்படவில்லை என்றால், காத்திருக்கும் காலத்துக்கான இன்ஷூரன்ஸும் சாலை வரியும்தான் உங்களுக்கு வீண். குறையும் தொகையை முதலில் கட்டினால்தான் அறிவிப்பை ஏற்போம் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. சட்டம் அப்படி ஒரு முன்நிபந்தனையை வைக்கவில்லை. அறிவிப்புக் கொடுத்ததும் ஒப்பந்தம் முடிகிறது, தொகை கடனாக நிற்கிறது. கையில் பணம் இருந்தால் கட்டிவிடுவது வீண் கடிதப் போக்குவரத்தைத் தவிர்க்கும் என்பது வேறு விஷயம்.

முழுக் கணக்கையும் முடித்து வண்டியை விற்பது உங்களுக்கு இலாபமில்லை. 9,940 கட்டி 7,600க்கு விற்றால் 2,340 பவுண்டு கைநட்டம். வண்டியைத் திருப்பிக் கொடுத்து, அவர்கள் ஒர்க்‌ஷாப் மதிப்பீட்டை அப்படியே உங்கள் தலையில் கட்டினாலும் 660 உடன் 1,450 சேர்ந்து 2,110தான் ஆகிறது. இன்ஷூரன்ஸ் மூலம் பழுது பார்த்தால் 660 உடன் எக்ஸஸ் 450 சேர்ந்து 1,110. வெளியே 780 கொடுத்துப் பார்த்தால் 1,440. ஆகவே எந்த வழியில் போனாலும், அவர்கள் ஒரே வழி என்று காட்டியதுதான் இருப்பதிலேயே செலவு மிக்க வழி.

இரண்டு எச்சரிக்கைகள். தவணையை இப்போது நிறுத்திவிடாதீர்கள். பாக்கி விழுந்து, அவர்கள் டிஃபால்ட் நோட்டீஸ் அனுப்பி, அதில் கொடுக்கும் குறைந்தது 14 நாள் கெடு கழிந்தபின் அவர்களாகவே ஒப்பந்தத்தை முடித்துவிட்டால், 99ஆவது பிரிவின் உரிமை உங்கள் கையைவிட்டுப் போய்விடும். மீதி முழுவதையும் கேட்க அவர்களுக்கு வழி பிறக்கும். மற்றது, வாலண்டரி சரண்டர் என்ற சொல் வரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாதீர்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தாலும் அதன் விளைவு வேறு: வண்டியை ஏலத்தில் விற்று, வந்த பணத்தைக் கழித்துக்கொண்டு, மீதிக் கடன் முழுவதையும் உங்களிடம் கேட்பார்கள்.

பதில் 2: லெஸ்டர் பாடி ஷாப் மதிப்பீட்டாளர்

சட்டத்தைப் பற்றி அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பழுது பார்க்கும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

திருப்பிக் கொடுக்கப்படும் வண்டிகளைப் பரிசோதிப்பவர்கள் பெரும்பாலும் பி.வி.ஆர்.எல்.ஏ. என்னும் வாகன வாடகை, லீசிங் நிறுவனங்களின் சங்கம் வெளியிட்டுள்ள நியாயமான தேய்மான வழிகாட்டியை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி, அடிப்பூச்சோ தகரமோ வெளியே தெரியாத, 25 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கீறல்கள், வண்டியின் வயதுக்கும் ஓட்டத்துக்கும் பொருத்தமாக இருந்தால் தேய்மானமாகவே கொள்ளப்படும். அலாய் வீலின் விளிம்பில் மொத்தச் சுற்றளவில் 50 மில்லிமீட்டர் வரை உரசல் இருக்கலாம். டயரின் பள்ளம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் வீல்களில் இருக்கும் உரசலை ஒரு நூலை வளைத்து வைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு வீலுக்கும் தனித்தனியாக அளக்கவேண்டும். 50க்குள் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

ஃபெண்டரும் கதவும் அப்படியல்ல. நீங்கள் சொல்லும் அளவில் பெயிண்ட் பெயர்ந்த ஒடுக்கு எந்த வழிகாட்டியிலும் தேய்மானம் ஆகாது. அதைவிட முக்கியம், பெயிண்ட் பெயர்ந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: சொரசொரப்பாக, செம்பழுப்புப் புள்ளியாகத் தெரிந்தால் துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த நாட்டுக் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்த இடத்தில் ஏறினால், பெயிண்ட் வேலையாக இருந்தது தகர வேலையாகிவிடும். யாரோ இடித்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று வாதிடலாம். இடித்தது தெரிந்தும் மாதக்கணக்கில் துருப்பிடிக்க விட்டதற்கு அப்படி வாதிடுவது கடினம். முடிவு எடுக்கும் வரை குறைந்தபட்சம் அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, டச் அப் பெயிண்ட் தடவி மூடி வையுங்கள்.

780 பவுண்டு மதிப்பீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். மெட்டாலிக் நிறமாக இருந்தால், ஃபெண்டருக்கும் கதவுக்கும் அடித்த புதுப் பெயிண்ட் தனியாகத் தெரியாமலிருக்கப் பின்கதவிலும் சற்று இழுத்து நிறத்தைக் கலந்து விடவேண்டும். அந்த வேலை மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பரிசோதகர் பெயிண்ட்டின் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார். அடியில் பள்ளத்தை நிரப்பும் பசையான புட்டியை அப்பி மேலே பெயிண்ட் அடித்திருந்தால் எண் எகிறிவிடும். மோசமான பழுது என்று எழுதி, முழு வேலைக்கும் மறுபடி பணம் கேட்பார்கள். நல்ல பட்டறையில் ஒடுக்கை உள்ளிருந்து நிமிர்த்தி எடுத்துவிட்டு, மிக மெல்லிய பூச்சோடு முடிப்பார்கள். வேலைக்கு உத்தரவாதம் எழுதிய பில்லைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வெளியே பழுது பார்த்தாலும், கிளெய்ம் செய்யாவிட்டாலும், சேதம் நடந்ததை உங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது இங்கே பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும் நிபந்தனை.

பதில் 3: ஹாரோ தமிழன்

நான் இதே வழியில் ஒரு வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பின்பம்பர் சேதத்துக்கும் வேறு சில கீறல்களுக்கும் பில் வந்தது; நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதில் பாதிக்கு மேல் கடைசியில் நீக்கப்பட்டது. நீங்கியதற்குக் காரணம் வண்டியைக் கொடுத்த நாளில் எடுத்த படங்கள்தான்.

வண்டியை எடுக்க வருபவர் பெரும்பாலும் ஓட்டுநர் மட்டுமே. கைப்பேசிச் செயலியில் சுற்றிலும் படம் எடுத்துக்கொண்டு, திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்வார். உண்மையான பரிசோதனை ஏலக் கூடத்தில், நாம் இல்லாத இடத்தில் நடக்கும். அங்கே புதிதாகச் சில கீறல்கள் பட்டியலில் சேரும். ஆகவே பகல் வெளிச்சத்தில் வரும்படி நேரம் கேளுங்கள். முந்தின நாளே வண்டியைக் கழுவி உலர்த்துங்கள். ஈரமான வண்டியில் கீறல் தெரியாது, பிறகு வந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. நான்கு பக்கமும், கூரையும், வீல்கள் தனித்தனியாகவும், இருக்கைகளும், மைல் மீட்டரும் தெரியும்படி தொடர்ச்சியான ஒரு வீடியோ எடுங்கள். சாவிகள் இரண்டையும், சர்வீஸ் புத்தகத்தையும் ஒப்படைத்ததைப் படமெடுங்கள். ஓட்டுநர் நீட்டும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படித்துவிட்டு, வண்டி இத்தனை மைலில் ஒப்படைக்கப்பட்டது என்ற அளவுக்கு மட்டும் கையெழுத்திடுங்கள். கட்டணத்தை ஏற்கிறேன் என்றிருந்தால் மறுத்துவிடுங்கள்.

பில் வந்தபின் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். இறுதிப் பதில் தர அவர்களுக்கு 8 வாரம் உண்டு. பதில் திருப்தியில்லை என்றாலோ, 8 வாரமும் பதில் இல்லை என்றாலோ நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன் அமைப்புக்குப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும். நமக்குக் கட்டணம் எதுவுமில்லை. அங்கே என் வழக்கைப் பார்த்தவர் ஒவ்வொரு கீறலுக்கும் நிறுவனம் கொடுத்த படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அளவுகோல் வைத்து எடுக்காத, எந்தப் பாகம் என்றே தெரியாத படங்களுக்கான கட்டணங்கள் நிற்கவில்லை. பம்பருக்கான கட்டணம் நின்றது. அது நியாயமானதுதான் என்பதால் கட்டிவிட்டேன்.

மீண்டும்: மில்டன் கீன்ஸ் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்பந்தத்தாளில் அந்தப் பத்தி இருக்கிறது. 10,900 பவுண்டு என்ற எண்ணும் இருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். வண்டி நின்றிருந்தபோது வேறொருவர் இடித்ததற்கு, நான் கவனத்தோடு பேணவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பழுதே பார்க்காமல் அப்படியே கொடுத்துவிட்டு, 660 பவுண்டோடு நின்றுவிடலாமா? அடுத்தது, நான் திருச்சிக்குப் போனபின் இவர்கள் ஏதாவது பில் அனுப்பினால் என்ன ஆகும்?

பதில் 4: ஈஸ்ட் ஹாம் கடன் ஆலோசனைத் தொண்டர்

முதல் கேள்வி நல்ல கேள்வி தம்பி. உங்கள் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது. 100ஆவது பிரிவு பேசுவது நியாயமான கவனத்தை. வண்டிக்கு என்ன நேர்ந்தாலும் நீங்களே பொறுப்பு என்று அது சொல்லவில்லை. விதிப்படி நிறுத்திப் பூட்டிய வண்டியை இருட்டில் ஒருவர் இடித்துவிட்டுப் போனால், உங்கள் கவனத்தில் என்ன குறை? ஒப்பந்தத்தில் எக்காரணத்தால் வந்த சேதத்தையும் வாடிக்கையாளரே சரிசெய்து தரவேண்டும் என்று ஒரு வரி இருக்கும். நிறுவனம் அதைத்தான் காட்டும். அதற்கு மறுமொழியாக அதே சட்டத்தின் 173ஆவது பிரிவைக் காட்டலாம். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கென்று சட்டம் வகுத்த பொறுப்புக்கு மேல் கூடுதல் பொறுப்பைச் சுமத்தும் ஒப்பந்த வரி அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. ஆனால் நிறுவனமும் சும்மா இருக்காது. ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே தோன்றிவிட்ட கடப்பாடுகளை முடிவு பாதிக்காது என்று 99ஆவது பிரிவிலேயே இருப்பதைச் சுட்டி, பழுது பார்க்கும் கடமை சேதம் நடந்த அன்றே தோன்றிவிட்டது என்றும், இன்ஷூரன்ஸ் இருந்தும் பழுது பார்க்காமல் விட்டதே கவனக்குறைவு என்றும் வாதிடும்.

ஆகவே வாதம் உண்டு, வெற்றி உறுதியில்லை. நீங்கள் ஊரைவிட்டுப் போகிறவர். 450 பவுண்டை மிச்சப்படுத்துவதற்காக, கடல் கடந்து இருந்துகொண்டு மாதக்கணக்கில் இந்த வழக்கை இழுப்பது உங்கள் நிலையில் தக்கதல்ல என்பது என் கருத்து. இங்கேயே தங்குகிறவராக இருந்தால், கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம்ஸ் தள்ளுபடி குறைந்து அடுத்த ஆண்டுகளின் பிரீமியம் ஏறுமே என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு இங்கே அடுத்த பிரீமியமே இல்லை என்பதால் அந்தக் கவலை இல்லை. இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்து, அவர்கள் அங்கீகரித்த பட்டறையில் பழுதை முடித்துக்கொண்டு, பிறகு அறிவிப்புக் கொடுங்கள். இடித்தவர் யாரென்று தெரிந்தால் எக்ஸஸையும் அவருடைய இன்ஷூரன்ஸிடமிருந்து மீட்கலாம். எனவே காவல்துறையில் ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவுமணிக் கேமராவில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று உடனே கேளுங்கள், அந்தப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். ஆள் அகப்படாவிட்டால், காப்பீடில்லா வாகனங்களுக்கான எம்.ஐ.பி. அமைப்பு கைகொடுக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அடையாளம் தெரியாத வண்டி இடித்து, யாருக்கும் பெரிய காயமில்லாமல் கார் மட்டும் சேதமானால் அங்கே ஈடு கிடைக்காது.

ஒரு வார்த்தை மற்ற வாசகர்களுக்காக. இந்தத் தம்பியின் விஷயத்தில் பழுதுச் செலவு வண்டியின் மதிப்பைவிட மிகவும் குறைவு. பெரிய விபத்தில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் வண்டியை ரைட் ஆஃப், அதாவது பழுது பார்ப்பதற்குத் தகுதியற்றது, என்று அறிவித்துவிட்டால் கதை வேறு. திருப்பிக் கொடுக்க வண்டியே இல்லாததால் வாலண்டரி டெர்மினேஷன் நடைமுறையில் அடைபட்டுவிடும். இன்ஷூரன்ஸ் தரும் சந்தை மதிப்பு முதலில் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்குப் போகும். அது மீதிக் கடனுக்குப் போதாவிட்டால் குறைவதை நீங்கள்தான் கட்டவேண்டும், கேப் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அதன் விதிகளுக்கு உட்பட்டு அந்த இடைவெளியை அது நிரப்பும். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருப்பவர்கள், வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் நாட்டில் இல்லை என்பதால் பில் மறைந்துவிடாது. நிறுவனம் கவுன்டி கோர்ட்டில் வழக்குப் போட்டால், அவர்களுக்குத் தெரிந்த உங்கள் கடைசி முகவரிக்கே, அதாவது மில்டன் கீன்ஸ் வீட்டுக்கே, தாள்கள் போகும். அங்கே வேறு குடித்தனக்காரர் இருப்பார். அவர் குப்பையில் போடுவார். நீங்கள் பதில் தராததால் உங்களுக்கு எதிராகவே தீர்ப்பாகும், அது 6 ஆண்டு நீதிமன்றத் தீர்ப்புகளின் பதிவேட்டில் நிற்கும். நாளைக்கு மறுபடி இங்கே வேலைக்கு வர நேர்ந்தால், வீடு வாடகைக்கு எடுப்பதிலேயே அது குறுக்கே நிற்கும். அதனால் அறிவிப்புக் கடிதத்திலேயே திருச்சி முகவரியையும், நிலையான ஒரு மின்னஞ்சலையும் எழுதி, இன்ன தேதிக்குப் பின் எல்லாக் கடிதங்களும் அங்கேதான் வரவேண்டும் என்று கேளுங்கள். ஓம்புட்ஸ்மனிடம் புகார் கொடுப்பதை ஊரிலிருந்தபடி மின்னஞ்சல் வழியாகவே நடத்தலாம். இங்கே இருக்கும் வங்கிக் கணக்கை இந்தக் கணக்கு தீரும்வரை மூடவேண்டாம்.

கடிதம் சுருக்கமாக இருந்தால் போதும். ஒப்பந்த எண், வண்டிப் பதிவு எண், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 99ஆவது பிரிவின் கீழ் இந்த ஒப்பந்தத்தை இன்றோடு முடிக்கிறேன் என்ற வரி, 100ஆவது பிரிவின்படி நான் தரவேண்டிய தொகை 660 பவுண்டு என்ற வரி, வண்டியை எப்போது எங்கே எடுத்துக்கொள்ளலாம் என்ற விவரம், இவ்வளவே. காரணம் சொல்லவேண்டியதில்லை. கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எங்கள் படிவத்தில்தான் எழுதவேண்டும் என்று அவர்கள் சொன்னால், சட்டம் எந்தப் படிவத்தையும் கேட்கவில்லை என்று பணிவாக மறுமொழி எழுதுங்கள். அந்தப் படிவங்களில் சில, எல்லாச் சேதத்துக்கும் நான் பொறுப்பேற்கிறேன் என்று எழுதி வாங்குகின்றன.

வண்டியை அவர்கள் எடுத்துச் செல்லும்வரை இன்ஷூரன்ஸை நிறுத்தாதீர்கள். வாசலில் நிற்கும் அந்த நாட்களில் இன்னொருவர் இடித்தால் எல்லாம் மறுபடி தொடங்கும். அவர்கள் எடுத்துச் சென்ற அன்றே வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வின் இணையதளத்தில் வண்டி கைமாறியதைத் தெரிவித்துவிடுங்கள். மீதமிருக்கும் முழு மாதங்களுக்கான சாலை வரி திரும்ப வரும். அந்தப் பணமும் டி.வி.எல்.ஏ.விடம் உள்ள முகவரிக்குக் காசோலையாகவோ, டைரக்ட் டெபிட் கொடுத்திருந்தால் தவணை நிறுத்தமாகவோதான் வரும் என்பதால், விமானம் ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே வண்டியை ஒப்படைக்கும்படி திட்டமிடுங்கள்.